கடைசியா வர்றவன் தட்டு கழுவணும்

நவம்பர் 9

தாத்தாவுக்கு,

இருபத்தோரு வயசுப் பையனை என் வயசுக்காரி தாத்தான்னு கூப்பிடறது நல்லாவா இருக்கு? என்ன பண்றது, என் பிள்ளை உன்னை வேற பேர்ல சொல்லி நான் கேட்டதே இல்லை. நீ குனியறதும் நிமிர்றதும் பெருமூச்சு விடறதும் பென்ஷன் வாங்கப் போற மாதிரியே இருக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஜூன் மாசம் அவன் பெட்டியத் தூக்கிக்கிட்டு என் வாசல்ல நீ வந்து நின்னப்பதான் நேர்ல பார்த்தேன். பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்கான்.

நான் போட்ட டீயக்கூட குடிக்காம ஓடிட்ட. அதையும் நானே குடிச்சேன். அதுக்கப்புறம் ஒரு கடுதாசி உண்டா உன்கிட்டேருந்து? இல்லை. அதான் நானே எழுதறேன். அஞ்சாவதோட நின்னவ எழுத்து இப்படித்தான் கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. டிப்போவுல பஸ் கழுவி முடிச்சிட்டு, டயர் மேல உக்காந்து எழுதறேன். கூட வேலை செய்யற அக்கா எட்டிப் பார்த்து, "யாருக்குடி லவ் லெட்டரு?"ங்கறா. "ஒரு தாத்தாவுக்கு"ன்னேன். நம்பிட்டா. இனி டிப்போ பூரா பரவிடும்.

போன் மட்டும் பண்ணிடாதே, கண்ணு. உன்மேல கோவம் இல்லை. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நீதான் பண்ணினே. "அம்மா"ன்னு சொல்லிட்டு அப்புறம் பேசவே இல்லை. அந்தப் பேசாம நின்னதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நாலு நாள் காய்ச்சல்ல ஒரு ஆள் போவானான்னு இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அது வேற. ஆனா அதுலேருந்து போன் அடிச்சா கை உதறுது. கடுதாசின்னா நானா பிரிக்கணும். எப்ப பிரிக்கலாம்னு நான் முடிவு பண்ணிக்கலாம்.

விஷயத்துக்கு வர்றேன். கிறிஸ்துமஸ் லீவு விடறதுக்கு முன்னாடி நீங்க அஞ்சு பேரும் ஒண்ணாச் சேர்ந்து விருந்து சாப்பிடுவீங்களாமே. போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் அவன் வாயால கேட்டுக் கேட்டே எனக்கு வயிறு நிறைஞ்சுது. எதுக்கெடுத்தாலும் பாடம் எடுக்கற பொண்ணு டீச்சராம், அவ வீட்டு மாடியிலதான் விருந்தாம். குட்டையா இருந்துக்கிட்டு காது கிழியக் கத்தற பையன் கொசுவாம். வாயே திறக்காதவன் பூட்டாம். எல்லாரும் சுகமா?

ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வருவீங்கன்னு சொன்னான். அவன் என்ன எடுத்துட்டு வருவான்? அதை மட்டும் சொல்லவே இல்லை அந்தக் கள்ளன். எழுது. இந்த வருஷம் அவன் பங்கை நான் செஞ்சு அனுப்பறேன். உங்க பக்கம் வர்ற பஸ்ல டிரைவர்கிட்ட குடுத்தா வந்துடும்.

இப்படிக்கு,
பஸ் கழுவற அம்மா


நவம்பர் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டு அதற்குமேல் பேனா நகரவில்லை. நலம் என்று எழுதவே வெட்கமாக இருந்தது. டீ குடிக்காமல் வந்ததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் முன்னால் உட்கார அன்று எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாரும் இருக்கிறோம். அவன் கட்டில் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. வேறு ஆளைப் போடுகிறோம் என்று விடுதியில் கேட்டார்கள். வருஷம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா, இந்த வருஷம் விருந்து வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவ்வளவுதான். டீச்சர் வீட்டு வழியாகப் போவதைக்கூட நான் தவிர்த்துவிடுகிறேன். இதுதான் எங்கள் கடைசி வருஷம். பரீட்சை முடிந்தால் ஆளுக்கொரு திசை. ஒரு விருந்து நடக்காமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவன் எதுவும் செய்து எடுத்து வரமாட்டான். டீச்சர் கோழி வறுப்பாள். நான் உருளைக்கிழங்கு. கொசு ரொட்டி. பூட்டு கேக். அவன் தட்டு கழுவுவான். கடைசியாக வருகிறவர்தான் எல்லாத் தட்டையும் கழுவ வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம். இரண்டு வருஷமும் அவன்தான் கடைசி. அவன் கதவைத் திறந்ததும் நாங்கள் கைதட்டிச் சத்தம் போடுவோம். "ரேடியோ வந்தாச்சு, தொட்டியில தண்ணி விடு!" என்று கொசு கத்துவான். அவனை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

எனவே எதுவும் அனுப்ப வேண்டாம் அம்மா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தாத்தா


நவம்பர் 23

தம்பிக்கு,

உன் கடுதாசி கிடைச்சுது.

நான் பதினேழு வருஷமா பஸ் கழுவறேன். ஊர் வாந்தியெல்லாம் கழுவற கை இது. சோப்புத் தண்ணியில ஊறி ஊறி விரல் இடுக்கு வெடிச்சு, ராத்திரி எண்ணெய் தேய்ச்சாத்தான் மடக்க முடியும். அந்தக் கையப் பார்த்துத்தான் அவன் வளர்ந்தான். என் வீட்ல ஒரு டம்ளர் கழுவ விட்டதில்லை அவனை. "நீ புத்தகத்தைத் தொடு, பாத்திரத்தைத் தொடாதே"ன்னு சொல்லியே வளர்த்தேன்.

அங்க நீங்க நாலு பேரும் தின்னுட்டுப் போட்ட தட்டை என் பிள்ளை கழுவினானா? கைதட்டினீங்களா அதுக்கு? டீச்சர் வீட்ல மாடி இருக்கும், கேக் வாங்கற வீட்ல காசு இருக்கும். என் பிள்ளை வெறுங்கையோட வந்தான்னா, அவன் அம்மா குடுத்தனுப்ப ஒண்ணுமில்லாம வந்தான். அது உங்களுக்குப் புரியலையா? இல்லை, புரிஞ்சுதான் கழுவ விட்டீங்களா?

ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்னத்தையாவது செஞ்சு குடுத்திருப்பேன். ரெண்டு வருஷமா அந்த விருந்தை நினைச்சு நான் சந்தோஷப்பட்டிருக்கேன். அதுவும் போச்சு.

பதில் வேண்டாம்.


நவம்பர் 28

அம்மா,

வேண்டாம் என்றீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். பிரிக்காமல் வைத்துவிட்டாலும் சரி.

நீங்கள் கேட்ட கேள்வியை நான் மற்றவர்களிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஜூனுக்குப் பிறகு நாங்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தது அன்றுதான். டீச்சர் அழுதாள். அவள் எதையும் விளக்கவில்லை. கொசு எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தான்.

நாங்கள் நினைக்கவில்லை அம்மா. அதுதான் உண்மை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது ஒரு சமாதானம் ஆகாது என்று தெரியும். அவனுக்கு நேரம் பார்க்கத் தெரியாது என்று நினைத்தோம், அவ்வளவுதான். இரண்டு முறையும் நான்தான் அவனைக் கூப்பிட்டேன். ஒரே அறையில் இருக்கிறோம், டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி. "நீ போடா தாத்தா, நீ நடந்து போறதுக்குள்ள நான் குளிச்சிட்டே வந்துடுவேன்" என்பான். வரமாட்டான். நாங்கள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருப்போம்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அன்று பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது எங்களுக்கே தெரிந்தது.

டீச்சர் வீட்டுச் சமையலறை சின்னது. தொட்டிக்கு முன்னால் இரண்டு பேர்தான் நிற்கலாம். அவன் கழுவுவான், ஒருவர் பக்கத்தில் நின்று துடைப்போம். மாற்றி மாற்றிப் போவோம். போன வருஷம் என் முறை வந்தபோது, படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, நான் துடைத்து வைத்த தட்டை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "சரியாத் துடைக்கலடா" என்றான். நான் மறுபடி துடைத்தேன். அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியாது.

எனக்கு மட்டும்தான் அப்படி நடந்தது என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்தால், டீச்சர் அவள் கதையை அங்கேதான் சொல்லியிருக்கிறாள். கொசுவும். பூட்டுகூட, அம்மா! பூட்டு இரண்டு வருஷமும் சொல்லியிருக்கிறான். மேஜையில் வாய் ஓயாத ரேடியோ, தொட்டிக்கு முன்னால் நின்றால் மட்டும் பேசமாட்டான். கேட்பான்.

ஆனால் ஏன் எப்போதும் கடைசியாக வந்தான் என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதுபோல வெறுங்கையோடு வருவது அவனுக்கு வலித்திருக்குமோ என்று நினைத்தால் என்னால் தூங்க முடியவில்லை.

தாத்தா


டிசம்பர் 4

தாத்தாவுக்கு,

பிரிக்கக் கூடாதுன்னுதான் பையில போட்டேன். கடைசி பஸ்ஸைக் கழுவற வரைக்கும் பையில கிடந்துச்சு. அப்புறம் அந்த பஸ்ஸுக்குள்ளயே, டிரைவர் சீட்ல ஏறி உக்காந்து பிரிச்சேன். ஒரு தடவை படிச்சேன். எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை படிச்சேன். என் பிள்ளை வாயை மூடிக்கிட்டு நின்னானா? பிரசவத்துல வெளிய வந்தப்பவே கத்திக்கிட்டு வந்தவன்டா அவன். வேற யாரையாவது நினைச்சு மாத்திச் சொல்றியோன்னு நினைச்சேன்.

அப்புறம் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அதை எழுதணும்னுதான் இது.

ரெண்டு வருஷமும் அந்த விருந்தன்னிக்கு சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுவான். டீச்சர் வீட்டுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்ல ஒரு பெஞ்சு இருக்காமே. அதுல உக்காந்து பேசுவான். "கொசு மேல போயிட்டாம்மா. தாத்தா இப்பத்தான் படி ஏறுது, நாளைக்குப் போய்ச் சேரும்"னு சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். "நீ ஏன்டா ரோட்ல உக்காந்திருக்க? மேல போடா, சாப்பாடு ஆறிடும்"னா, "இரும்மா, பூட்டு இன்னும் வரலை. அவனும் போகட்டும், அப்புறம் போறேன்"பான். விளையாட்டுப் பிள்ளை, என்னமோ விளையாடறான்னு விட்டுட்டேன்.

போன வருஷம் கேட்டேன், "கையில என்னடா எடுத்துட்டுப் போற?"ன்னு. "வெறுங்கையா இருந்தாத்தாம்மா வேலை செய்ய முடியும்"னான். எனக்கு விளங்கலை. பேச்சை மாத்திட்டான்.

அவன் லேட்டு இல்லை, தாத்தா. உன்னை அனுப்பிட்டு, வேற தெரு வழியா உனக்கு முன்னாடியே ஓடி வந்து, எதிர்ல உக்காந்து, நீங்க எல்லாரும் மேல போனப்புறம் வந்தவன். தொட்டிக்கு முன்னாடி நிக்கற அந்த இடம் அவனுக்கு வேணும்னு கடைசியா வந்திருக்கான். அம்மாகிட்ட குடுத்தனுப்ப ஒண்ணுமில்லைங்கறதும் அதுல கொஞ்சம் இருக்கும். இல்லைன்னு நீ சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அது மட்டும் இல்லை போலிருக்கு.

என் கை மாதிரி ஆயிடுமோன்னு பயந்து நான் அவனைப் பாத்திரத்துக்கிட்டயே விடலை. அவன் என்னடான்னா அங்க போய் அதையே ஆசையாப் பண்ணியிருக்கான். பிள்ளைங்க நம்ம பேச்சை எங்க கேக்குது.

விருந்து நடத்துங்க. நான் சொல்றேன். அவன் போனதுக்கு நீங்க நாலு பேரும் தனித்தனியா மூலையில உக்காந்து ரொட்டி தின்னா அவனுக்கு என்ன லாபம்? ஆனா ஒண்ணு. படத்தை வெச்சு, மெழுகுவத்தி ஏத்தி, வெறும் தட்டு ஒண்ணு போட்டு அழுதீங்கன்னு கேள்விப்பட்டேன், பஸ் ஏறி வந்து டீச்சர் உட்பட எல்லாரையும் பிரஷ்ஷால தேய்ச்சுடுவேன். பஸ் தேய்க்கற பிரஷ். சொல்லிட்டேன்.

பஸ் கழுவற அம்மா


டிசம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டினேன். "தாத்தா இப்பத்தான் படி ஏறுது" என்ற இடத்தில் கொசு சிரித்துவிட்டான். சிரித்ததும் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நானும் சிரித்தேன்.

அந்தப் பெஞ்சை நாங்கள் ஆயிரம் முறை தாண்டிப் போயிருக்கிறோம். திரும்பிப் பார்த்ததில்லை.

விருந்து நடக்கும். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம், ஏழு மணிக்கு. மறுநாள் லீவு தொடங்குகிறது. யார் என்ன செய்வது என்று பேசினோம். பழையபடியே. யார் தட்டு கழுவுவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சட்டம் அப்படியே இருக்கட்டும் என்று டீச்சர் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினோம்.

நீங்களும் வர வேண்டும் அம்மா. நால்வரும் கேட்கிறோம். பூட்டு வாய் திறந்து கேட்டான்.

தாத்தா


டிசம்பர் 14

தாத்தாவுக்கு,

பூட்டு வாய் திறந்தான்னா உலகம் அழியப் போகுதுன்னு அர்த்தம். பத்திரமா இருங்க.

நான் வரலை, கண்ணு. லீவு நாள்ல பஸ் கூட்டம் அதிகம். பஸ் அதிகம்னா அழுக்கும் அதிகம். சூப்பர்வைசர் லீவு குடுக்க மாட்டான். போன வாரம் பின் சீட்டுக்கு அடியில ஒரு பல்செட்டு கிடந்துச்சு. பல்லை விட்டுட்டு எப்படிடா இறங்கிப் போறாங்க? வீட்டுக்குப் போய்ச் சிரிச்சப்பதான் தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு. நான் வந்தா நீங்க மெதுவாச் சிரிப்பீங்க. எனக்குப் பரிமாறிட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. அது விருந்து இல்லை. அது துக்கம் விசாரிக்கறது. அதுல எனக்கு வேணுங்கற அளவு கிடைச்சாச்சு.

எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு போதும். யார் கடைசியா வந்தது, யார் கழுவினதுன்னு. அந்த இடத்துக்கு யார் வர்றான்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். சும்மா விட்டுடாதீங்க அதை.

பஸ் கழுவற அம்மா


டிசம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

வீட்டுக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் ரயில்தான் காரணம்.

ஏழு மணிக்கு விருந்து. நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு அந்தப் பெஞ்சுக்குப் போய், எல்லாரும் மேலே போன பிறகு கடைசியாகப் போவது என்று. போய்ப் பார்த்தால் பெஞ்சில் கொசு உட்கார்ந்திருந்தான். மடியில் ரொட்டிப் பொட்டலம்.

"இங்க என்னடா பண்ற?"

"பஸ்ஸுக்கு நிக்கறேன்."

"உக்காந்துல்ல இருக்க?"

"பஸ் லேட்டு, கால் வலிக்குது. நீ மேல போ."

"நீ போ, எனக்கும் பஸ்தான்."

ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். "ஏறலைன்னா எதுக்குடா ஸ்டாப்புல உக்காந்து உயிரை வாங்கறீங்க?" என்று திட்டிவிட்டுப் போனார். பஸ் நகர்ந்த பிறகு பார்த்தால், சாலைக்கு அந்தப் பக்கம், மூடிய கடை வாசலில், கேக் பெட்டியோடு பூட்டு நிற்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வந்திருக்கிறான். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தான்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் மேலே போகச் சொன்னோம். யாரும் அசையவில்லை. டீச்சர் மட்டுமாவது வீட்டில் இருப்பாளே, அவள் ஜன்னலில் விளக்கு எரிகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது தெரு முனையிலிருந்து டீச்சர் வருகிறாள். தன் வீட்டை விட்டுத் தானே வெளியே போய், நாங்கள் எல்லாரும் உள்ளே போயிருப்போம் என்று நினைத்து மெதுவாகத் திரும்பி வருகிறாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அதாவது," என்றாள், "உப்பு வாங்கப் போனேன்."

"உப்பு எங்க?" என்றான் கொசு.

அவள் கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கை.

முதலில் கொசுதான் சிரித்தான். பிறகு எல்லாரும். வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை அம்மா. டீச்சர் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். போன் பண்ணாதே என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன், கை தானாகப் போய்விட்டது. நீங்கள் எடுத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஜூனில் நின்ற மாதிரியே நின்றேன். வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் நீங்கள் பேசினீர்கள். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"மேல போடா. சாப்பாடு ஆறிடும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். வைத்துவிட்டீர்கள்.

"அம்மா மேல போகச் சொல்றாங்க, சாப்பாடு ஆறிடுமாம்" என்று இவர்களிடம் சொன்னேன். பூட்டு அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான். புகை வந்துகொண்டிருந்தது.

"ஆறாது," என்றான் பூட்டு. "கருகுது."

டீச்சர் அடுப்பை அணைக்காமல் வந்திருக்கிறாள். நான்கு பேரும் ஒன்றாகத்தான் படியேறி ஓடினோம். கதவில் இடித்துக்கொண்டோம். யார் கடைசி என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கோழியில் கருகியதைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம். டீச்சர் பழக்கத்தில் ஐந்து தட்டு எடுத்துவிட்டாள். திரும்ப உள்ளே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வெறும் தட்டு வைக்கக்கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதனால் கொசுவின் ரொட்டியை அதில் வைத்தோம். எல்லாரும் அதிலிருந்து எடுத்துத் தின்றோம்.

பிறகு கழுவினோம். இரண்டு பேர் நிற்கிற இடத்தில் நான்கு பேர். எல்லாருக்கும் சட்டை நனைந்தது. பூட்டு அவனிடம் முன்பு சொன்னதை எங்களுக்குச் சொன்னான். பிறகு டீச்சர். பிறகு நானும் என் பெட்டி கட்டின கதையைச் சொன்னேன். யாரும் புத்தி சொல்லவில்லை. நான் துடைத்ததைச் சரியில்லை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நானே இரண்டு முறை துடைத்தேன்.

போன் பண்ணினதற்கு மன்னித்துவிடுங்கள்.

தாத்தா


டிசம்பர் 27

தாத்தாவுக்கு,

அன்னிக்குப் போன் அடிச்சப்ப நான் ரப்பர் பூட்ஸோட ஒரு பஸ்ஸுக்கு அடியில குனிஞ்சிருந்தேன். கை பூரா சோப்பு. எடுக்க வேண்டாம்னு நினைச்சேன். எடுத்துட்டேன். எடுத்தா, அந்தப் பக்கம் பேச்சு இல்லை.

என் பிள்ளைன்னா எடுக்கறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிருப்பான். பேசாம நிக்கறது நீ ஒருத்தன்தான்னு தெரியும். பஸ்ஸுக்கு அடியிலேருந்து வெளிய வந்துட்டேன். உன் பேசாத போன்ல எனக்கு வந்தது ஒரே ஒரு சேதிதான் இதுவரைக்கும். இப்ப யாருக்கு என்னடா ஆச்சுன்னு கேக்க வாயெடுத்தேன்.

அப்பத்தான் பின்னாடி சத்தம் கேட்டுச்சு. ஒரு பையன் காது கிழியக் கத்திச் சிரிக்கறான். அது கொசுதான், வேற யாரு. ஒரு பொண்ணு சிரிக்க முடியாம மூச்சு வாங்கறா. ரோட்ல பஸ் போற சத்தம். அந்தப் பெஞ்சுலேருந்துதான்னு புரிஞ்சுது. வேற என்ன சொல்றது? அங்கேருந்து போன் வந்தா நான் எப்பவும் சொல்றது அது ஒண்ணுதானே.

நாலு பேரும் சேர்ந்து கழுவினீங்களாக்கும். நாலு படிச்ச பிள்ளைங்க அஞ்சு தட்டு கழுவ இவ்வளவு அமளி. நான் ஒத்தை ஆளா பஸ் கழுவறேன், தெரியுமா?

இனிமே போன் பண்ணு, கண்ணு. கை உதறினா உதறட்டும், எடுக்கறேன். ஆனா எடுத்ததும் பேசு. என்னத்தையாவது பேசு. பேசாம நின்னு இன்னொரு தடவை என்னைப் பயமுறுத்தாதே. உருளைக்கிழங்கு வேகலைன்னாவது சொல்லு.

உன் டீ ஒண்ணு இங்க பாக்கி நிக்குது. பரீட்சை முடிஞ்சதும் வந்து குடிச்சிட்டு, டம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போ. சரியாத் துடைச்சிருக்கியான்னு நான் பார்க்கறேன்.

பஸ் கழுவற அம்மா